வாங்க பாய்

கல்யாணமாகிப் பண்ணை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் அடுப்படியில் இருந்தேன். கொல்லைப் பக்கமிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

"வாங்க, வாங்க. மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்லை. நாங்கள்லாம் இங்கதான் இருக்கோம்."

யாரோ விருந்தாளிகள் என்று நினைத்துக்கொண்டேன். என் கணவர் வழிச் சொந்தக்காரர்கள் புதுப்பெண்ணைப் பார்க்க வந்திருப்பார்கள். மாமியார் குளத்துக்குப் போயிருந்தார். நான் முந்தானையை இழுத்துச் செருகி, செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு, குரல் வந்த பக்கம் போனேன். போய் நின்ற இடம் குதிரை லாயம். உள்ளே வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஒரு செம்பழுப்புக் குதிரை ஒருக்களித்துப் படுத்திருந்தது. வால் பக்கம் ஒருவர் மண்டியிட்டிருந்தார். குதிரையின் பின்புறத்தில், வெள்ளைச் சவ்வுக்குள், ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக இரண்டு சின்னக் குளம்புகள். அவற்றின்மேல் வைத்தாற்போல ஒரு மூக்கு.

விருந்தாளி அதுதான்.

அவர் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த செம்பைப் பார்த்தார். "தண்ணி கொண்டாந்தீங்களாம்மா? நல்லதாப் போச்சு. இவங்க இப்ப குடிக்க மாட்டாங்க. நான் குடிச்சிக்கிறேன்" என்றார்.

செம்பை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். கூச்சத்தில் ஓடியதாக அவர் நினைத்திருக்கலாம். எனக்குப் பயம். அம்பகரத்தூரில் என் அக்கா தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பக்கத்து அறையில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் நான். கல்யாணம் என்று பேச்சு எடுத்த நாளிலிருந்து எனக்குள் ஒரே நினைப்புத்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

லாயத்தில் பார்த்த அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பண்ணையில் எல்லாருக்கும் அவர் 'வாங்க பாய்'. ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். கட்டம் போட்ட கைலி, மங்கிப்போன வெள்ளைத் தொப்பி, தோளில் துண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏழு வயதில் லாயத்துக்குள் வந்தவர் பிறகு வேறு கூரையின் கீழ் படுத்ததில்லை என்று என் கணவர் சொன்னார்.

பண்ணை நெடுங்காடு போகிற சாலையில் வாய்க்காலை ஒட்டி இருந்தது. முதலாளி காரைக்கால் டவுனில் இருந்தார். பழைய கப்பல் வியாபாரக் குடும்பம். ஜட்காவுக்கும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் குதிரை வளர்த்துக் கொடுப்பது அவருக்குத் தொழில் பாதி, ஆசை பாதி. என் கணவர் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். பதினோரு பெட்டைக் குதிரைகள். சம்பா அறுத்து, வயலில் தாள் காய்ந்து, வைக்கோல் வந்து சேர்கிற தை மாதத்தில் குட்டிக்காலம் தொடங்கும். பங்குனி வரைக்கும் வாரத்துக்கு ஒன்று என்று பிறந்துகொண்டே இருக்கும். அந்த மூன்று மாதமும் பாய் நடக்கமாட்டார். ஓட்டம்தான்.

எல்லாரையும் மரியாதையாகப் பேசுகிறவர்கள் ஊரில் உண்டு. இவர் குதிரையையும் சேர்த்துப் பேசினார். அதில் விளையாட்டு எதுவும் கிடையாது. லாயத்துக்குள் நுழையும்முன் பிறர் வீட்டு வாசலில் நிற்பதுபோல ஒரு தரம் இருமுவார். "உள்ள வரலாங்களா?" என்பார். குதிரை காதைத் திருப்பியதும் உள்ளே போவார். ஆண்குட்டி 'தம்பி', பெண்குட்டி 'தங்கச்சி'. பிறந்து கால் மணி நேரம் ஆன குட்டி எழுந்திருக்கப் பார்த்து நான்கு காலும் நான்கு பக்கம் போக விழும்போது, "பாத்து, பாத்து. பின்னங்காலை முதல்ல ஊனுங்க. ஆங். அப்படித்தாங்க" என்று சொல்லிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தபடி நிற்பார். தொடமாட்டார். அவர்களாக எழுந்திருக்க வேண்டும்.

ஒருநாள் அவரிடமே கேட்டேன். "ஏன் பாய், குட்டியைப் போய் வாங்க போங்கன்னு சொல்றீங்க?"

அவர் தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கை நின்றது. "அப்படியா சொல்றேன்?" என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. மாதம் ஒருமுறை வெள்ளை ஜிப்பாவும் குடையுமாக வருவார். பாயைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு தடவை அவர் வாசலில் வந்து இறங்குகிற நேரமும், ஒரு பெட்டைக் குதிரை மேய்ச்சல் முடிந்து உள்ளே திரும்புகிற நேரமும் ஒன்றாகிவிட்டது. "வாங்க" என்றார் பாய். யாருக்குச் சொன்னார் என்று தெரியாமல் முதலாளி தலையசைத்துவிட்டார். பார்த்தால் பாயின் முகம் குதிரைப் பக்கம் இருந்தது.

"ஏய், நானும் அதுவும் ஒண்ணா ஒனக்கு?"

"இல்லீங்களே."

"அப்ப இன்னையிலேருந்து மிருகத்தை வா, போன்னுதான் கூப்பிடணும். புரியுதா?"

"சரிங்க."

அன்று முழுக்கப் பாய் வாய் திறக்கவில்லை. 'வா' என்று சொல்ல நாக்கு வரவில்லை. 'வாங்க' என்று சொல்லக்கூடாது. இருமி, தொண்டையைச் செருமி, கையைக் காட்டிப் பார்த்தார். பழகின குரல் இல்லாமல் குதிரைகள் ஒன்றும் கொள்ளில் வாய் வைக்கவில்லை. எல்லாம் தலையைத் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டு நின்றன. சாயங்காலம் என் கணவருக்கே பொறுக்கவில்லை. "பாய், முதலாளி போயாச்சு. பேசித் தொலைங்க" என்றார்.

அடுத்த மாதம் முதலாளி வந்தபோது பாய் வாசலுக்கே ஓடிப்போய், "வாங்க வாங்க" என்று இரண்டு தடவை சொன்னார். குதிரைகளுக்கு ஒன்று, முதலாளிக்கு இரண்டு என்று அவராகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். முதலாளியும் அதோடு விட்டுவிட்டார். புதிதாகப் பிறக்கிற குட்டிகளுக்கு மூன்று, நான்கு என்று போய்க்கொண்டிருந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பாய் ஒருவரை 'டா' போட்டு நான் கேட்டது ஒரே முறைதான். குட்டி பார்க்க வந்த ஜட்காக்காரன் ஒருவன், எட்டு நாள் குட்டியைக் காதைப் பிடித்து இழுத்து வாயைத் திறந்து பார்த்தான். "விடுடா!" என்று ஒரு சத்தம். வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் பாய் எங்கள் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் மோர் இருந்தாக் குடுங்கம்மா. கெட்ட வார்த்தை பேசிட்டேன்."

அந்த முதல் குட்டிக்காலத்தில் நான் மெதுவாக லாயத்துக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் வெளியே தென்னையடியில் நின்றேன். அடுத்த குட்டிக்கு வாசல்வரை. நான்காவது குட்டிக்கு உள்ளே. பாய் என்னைக் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. காம்பில் மெழுகு முத்துப்போல ஒன்று திரண்டால் அன்றைக்கோ மறுநாளோ குட்டி என்பது எனக்கும் தெரிந்துவிட்டது. பிறந்த குட்டியின் குளம்படி நுங்குபோல வெள்ளையாக, மெத்தென்றிருக்கும். தொட்டுப் பார்த்தேன். "தாய் வயித்துல கீறிடக்கூடாதுல்ல. அதான் செருப்பைக் கழட்டிட்டு வர்றாங்க" என்றார் பாய். பிறந்த குட்டியைத் தாய் மோந்து பார்த்து, தொண்டைக்குள் ஒரு கனைப்புக் கனைக்கும். வேறு எந்த நேரத்திலும் குதிரை அந்தச் சத்தம் போடாது. அதைக் கேட்பதற்காகவே நான் போனேன். அக்காவின் அறைக் கதவு என் கண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகியது.

மறுவருஷம் மாசியில் நான் ஏழு மாதம். நாகப்பட்டினத்தில் சித்தி வளையல் போட அழைத்திருந்தாள். முதலாளியும் அங்கே ஒருவரிடம் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரையை வாங்கியிருந்தார். இரண்டு வேலையும் ஒன்றாக முடியட்டும் என்று வில்வண்டியில் போனோம். திரும்பும்போது வண்டிக்குப் பின்னால் பாய் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி. நாகூர் தாண்டியதும் எல்லை. இந்தியச் சாவடி ஒன்று, நூறு அடி தள்ளி பிரெஞ்சுச் சாவடி ஒன்று. எதைக் கொண்டுபோனாலும் சீட்டு வேண்டும். குதிரைக்கும் சீட்டு இருந்தது. அன்று ஒருநாளைக்குத்தான் செல்லும்.

கிளம்பும்போதே பாய் என் கணவரிடம் சொன்னார். "வித்தவரு இன்னும் ஒரு மாசம் ஆவும்னு சொல்றாரு. எனக்கு அப்படித் தெரியலீங்க. காம்புல மெழுகு வச்சிருக்கு."

"சீட்டு இன்னிக்குத்தான் பாய். எப்படியும் பொழுதுக்குள்ள போய்ச் சேந்துருவோம்."

நாகூர்வரை ஒழுங்காக வந்தது. இந்தியச் சாவடியில் முத்திரை குத்தினார்கள். குறுக்குக்கட்டை மேலே போனது. எண்பது அடி நடந்திருக்கும். சாம்பல் குதிரை நின்றது. திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. கழுத்தெல்லாம் வேர்வை. அப்படியே சாலையோர மணலில், புங்க மரத்து நிழலில், முன்னங்காலை மடித்துப் படுத்துவிட்டது.

"சரிங்க. இங்கியேவா? சரிங்க" என்றார் பாய். தொப்பியைச் சரிசெய்து, "பிஸ்மில்லா" என்று மண்டியிட்டார்.

வண்டியைவிட்டு இறங்கி நான் மரத்தடியில் நின்றேன். இருபது நிமிஷத்தில் குட்டி வந்துவிட்டது. கறுப்பு. நெற்றியில் வெற்றிலை அளவுக்கு வெள்ளை. ஆனால் அசையவில்லை. பாய் மூக்கிலிருந்த சவ்வைக் கிழித்தார். விரலைவிட்டு வாயிலிருந்து சளியை எடுத்தார். துண்டால் விலாவைத் தேய்த்தார். அசைவில்லை. நான் வயிற்றில் கைவைத்துக்கொண்டேன்.

"மூச்சு விடுங்க. மூச்சு விடுங்க தம்பி. வந்தாச்சுல்ல, இனிமே என்ன?" பாயின் குரல் உயரவில்லை. பக்கத்திலிருந்து ஒரு புல்லைக் கிள்ளி, குட்டியின் மூக்குக்குள் விட்டுத் திருகினார். ஒரு தடவை. இரண்டு தடவை. குட்டி ஒரு தும்மல் தும்மியது. பாயின் முகமெல்லாம் தெறித்தது.

"மாஷா அல்லா" என்று துடைத்துக்கொள்ளாமலே சிரித்தார்.

அதற்குள் பிரெஞ்சுச் சாவடியிலிருந்து அதிகாரி வந்துவிட்டார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு வழக்கப்படி எல்லாருக்கும் 'முசே', அதாவது ஐயா. இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைக் கால்சட்டை. பின்னால் சிவப்புத் தொப்பி போட்ட சிப்பாய்.

"சீட்டுல ஒரு குதிரைன்னு இருக்கு. இது ரெண்டாவது உருப்படி. இதுக்குச் சீட்டு எங்க?"

என் கணவர் இந்தியச் சாவடிக்கு ஓடினார். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "எங்களைத் தாண்டிப் போனது ஒண்ணு சார். ரெண்டாத் திரும்பி வந்தா நான் எப்படி உள்ள விடுவேன்?"

ஆறு மணிக்கு இரண்டு பக்கமும் அடைத்துவிடுவார்கள். இரண்டு கட்டைகளுக்கும் நடுவில், எந்த ஊரிலும் சேராமல் குட்டி கிடந்தது. தாயை மட்டும் கொண்டுபோங்கள், நாளைக்குச் சீட்டு வாங்கி வந்து குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அதிகாரி. பாலில்லாமல் காய்ந்த வயிற்றோடு அது காலைவரை இருக்காது என்பது எனக்கே தெரியும்.

"முசே, இவங்க இன்னும் எந்திரிக்கவே இல்லீங்க" என்றார் பாய். "எந்திரிச்சு ஒரு வாய் பால் குடிக்கட்டும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்குறோம்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் எல்லையில் நல்ல கூட்டம். நாகூரில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்புகிற காரைக்கால்மேட்டுப் பெண்கள், தர்காவுக்குப் போய்வந்த குடும்பங்கள், சைக்கிள்காரர்கள். எல்லாரும் வட்டமாக நின்றுவிட்டார்கள். குட்டி முன்னங்காலை நீட்டியது. இடுப்பைத் தூக்கியது. விழுந்தது.

"எந்திரிங்க தம்பி" என்றார் பாய்.

மறுபடி தூக்கியது. மறுபடி விழுந்தது. மீன்காரப் பெண் ஒருத்தி கூடையைக் கீழே வைத்தாள். "எந்திரிங்க ராசா, எந்திரிங்க" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் சொன்னார்கள். மூன்றாவது தடவை குட்டி எழும்பியபோது கூட்டம் முழுக்க ஒரே குரலாக, "எந்திரிங்க, எந்திரிங்க!" என்றது. சிவப்புத் தொப்பிச் சிப்பாயும் சொன்னான். நானும் சொன்னேன். தொண்டை வலிக்கச் சொன்னேன்.

குட்டி நின்றது. நான்கு காலும் நான்கு மூங்கில் கழிகள்போல விரிந்து நடுங்கின. ஆனால் நின்றது. ஒரு மீன்காரப் பெண் குலவையே போட்டுவிட்டாள்.

நின்ற குட்டிக்குப் பால் வேண்டும். தாய் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியவில்லை. கண்ணில் பட்டது வெள்ளைக் கால்சட்டை. தட்டுத்தடுமாறி நடந்தது. அதிகாரி ஓரடி பின்னால் வைத்தார். இன்னும் நடந்தது. அவர் இன்னும் பின்னால் போனார். இப்படியே குட்டி முன்னால் வர, அவர் பின்னால் நகர, இருவரும் பிரெஞ்சுக் கட்டைக்கு அடியில் புகுந்து சாவடிச் சுவர்வரை போய்விட்டார்கள். அதற்குமேல் போக இடமில்லை. குட்டி அவர் இரண்டு தொடைக்கும் நடுவில் மூக்கை நுழைத்து முட்டியது. கால்சட்டையெல்லாம் ஈரம்.

"முசே, அசையாதீங்க" என்று கத்தினார் பாய். "உங்கமேல சாஞ்சிதான் நிக்கிறாங்க. அசைஞ்சா விழுந்துருவாங்க."

அதிகாரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றார். பாய் தாயை எழுப்பி நடத்திக்கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தினார். சீட்டு இருந்ததால் அதை யாரும் தடுக்கவில்லை. குட்டியின் மோவாயை விரலால் கொஞ்சம் திருப்பிவிட்டார். காம்பு கிடைத்துவிட்டது. சப்புகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"குட்டியை நாங்க கொண்டாரலீங்க முசே" என்றார் பாய் பணிவாக. "அவங்களாத்தான் உள்ள வந்துட்டாங்க. வெளிய அனுப்பணும்னா நீங்கதான் கொண்டுபோய் விடணும்."

அதிகாரி தன் கால்சட்டையைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். பால் குடித்துக்கொண்டே அதன் கட்டை வால் ஆடியது. எதற்கு என்றே தெரியாமல் அவர் சிரிக்க ஆரம்பித்தார். சீட்டை வாங்கி, 'ஒரு குதிரை' என்று எழுதியிருந்த இடத்தில் 'குட்டியுடன்' என்று சேர்த்தார். "போங்க சீக்கிரம்" என்றார். எங்களுக்குச் சொன்னாரா, குட்டிக்குச் சொன்னாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

நஞ்சுக்கொடி விழும்வரை இருந்துவிட்டுத்தான் நகர்ந்தோம். மீதி வழி முழுக்கக் குட்டி வண்டியில், என் காலடியில் வைக்கோல்மேல் படுத்து வந்தது. தாய் வண்டியின் பின்தட்டில் தலையை வைத்துக்கொண்டே நடந்தது.

சித்திரையில் எனக்கு வலி கண்டது. காலை பத்து மணி. மருத்துவச்சி வந்தாள், மாமியார் கூட இருந்தார். வலி இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் பயந்து காத்திருந்த அந்தப் பயம் வரவே இல்லை. மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. வீறிட்டு அழுதது.

வெளியே நடந்ததைப் பிறகுதான் என் கணவர் சொன்னார். எத்தனையோ குட்டிகளைக் கையில் வாங்கிய பாய், என் சத்தம் கேட்கக் கேட்க வெளுத்துப்போய், கடைசியில் கொல்லைக் கதவோரம் மயங்கி விழுந்துவிட்டாராம். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்களாம்.

சாயங்காலம் மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றி வாசலுக்கு எடுத்துப்போனார். நான் உள்ளே படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் பாய் இருந்தார். பிறந்த குழந்தையை அவர் அதுவரை பக்கத்தில் பார்த்ததில்லை.

பிறகு மெல்லக் கேட்டார். "எப்ப எந்திரிச்சு நிப்பாங்க?"

"பத்து மாசம், ஒரு வருஷம் ஆவும் பாய்" என்றார் மாமியார்.

"ஒரு வருஷமா!" குரலில் அப்படி ஒரு அதிர்ச்சி. குழந்தைக்கு ஏதோ குறை என்று நினைத்துவிட்டார்போல. அப்புறம் கீழே உட்கார்கிற சத்தம் கேட்டது.

"பரவால்லீங்க," என்றார் குழந்தையிடம். "எனக்கு வேற வேலை இல்லை. இருக்கேன்."